ஈரலில் எட்டு நாள்

கொசு கடித்த இடத்தில் அரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தடிப்பும் தெரியாமல் போய்விடும். கடித்தது மலேரியாக் கிருமியைச் சுமந்த பெண் அனாபிலிஸ் கொசு என்றால், அந்தத் தடிப்பு மறைவதற்கு முன்பே கிருமிகளில் சில கல்லீரலுக்குள் புகுந்திருக்கும். கொசுவின் உமிழ்நீரோடு தோலுக்குள் இறங்குபவை பெரும்பாலும் நூறுக்கும் குறைவு. அவற்றிலும் பல தோலிலேயே தங்கி அழிந்துவிடும். மிச்சமுள்ளவை ஊர்ந்து ஊர்ந்து ஒரு நுண்ணிய ரத்தக்குழாயைக் கண்டுபிடித்து, ரத்த ஓட்டத்தோடு போய் ஈரலில் இறங்கிக்கொள்ளும்.

அதன் பிறகு ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல், கடிபட்டவருக்கு ஒன்றுமே தெரியாது. வழக்கம்போல விடியற்காலையில் தூக்குவாளியோடு போடிநாயக்கனூரில் ஜீப் ஏறுவார். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், கேரளத்து ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பார். மாலையில் இறங்கி வருவார். காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை. அந்த நேரத்தில் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து எத்தனை முறை சோதித்தாலும் கிருமி தென்படாது.

மலேரியாவை ரத்தத்தில் வரும் நோயாகவே நாம் பழகியிருக்கிறோம். சோதனை ரத்தத்தில்தான் செய்யப்படுகிறது, மாத்திரையும் அதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது என்று நினைக்கிறோம். ஆனால் மனித உடம்புக்குள் அந்தக் கிருமி முதலில் வளர்வது ஈரலில். திரும்பத் திரும்ப வருவதும் பல நேரம் அங்கிருந்துதான். இதை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள, ரத்தத்தில் கிருமியைக் கண்ட பிறகும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

ஏலமலைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவு பழையது. 1887 முதல் 1895 வரை பெரியாற்றின் குறுக்கே ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் அணை கட்டியபோது, காட்டு யானையையும் வெள்ளத்தையும் விட வேலையாட்களை அதிகம் வாட்டியது நோய்தான். மலேரியாவும் காலராவும் மாறி மாறி வந்தன. அந்த ஆண்டுகளில் நோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் மட்டும் 483 பேர். அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். காய்ச்சலோடு மலையிறங்கி, சொந்த ஊரில் போய் இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வர வழியில்லை. அந்த அணை நீரில் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகத்துக்கு அவர்களும் சேர்ந்துதான் விலை கொடுத்தார்கள். பென்னிகுயிக்கின் படம் மாட்டாத கடை இல்லாத இந்த வட்டாரத்தில் அவர்களையும் நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு இருந்த ஒரே மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினா. அந்த மரமும் இதே மலைத்தொடரில் வளர்ந்தது. போடி மலைகளுக்கு மேற்கே, இன்று மூணாறு தேயிலையால் மூடிக்கிடக்கும் உயர்நிலங்களில் முதலில் நட்டுப் பார்த்த பயிர்களில் சிங்கோனாவும் ஒன்று. நீலகிரியில் நடுவட்டத்தில் அரசே சிங்கோனாத் தோட்டமும் கொயினா ஆலையும் நடத்தியது. கசப்பைச் சகித்து விழுங்கியவர்களுக்குக் காய்ச்சல் நின்றது. ஆனால் பலருக்கு இரண்டு மாதம், ஆறு மாதம் கழித்து அதே குளிர், அதே நடுக்கம், அதே வியர்வை. மலையை விட்டே போய், கொசுவே இல்லாத ஊரில் குடியேறியவருக்கும் திரும்ப வந்தது. ரத்தத்தில் இருந்த கிருமியைக் கொயினா கொன்றிருந்தது. பிறகு வந்தது எங்கிருந்து?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையில் தமிழ்நாட்டுக்கு இரண்டு இடங்கள் உண்டு.

1880 நவம்பரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவெரான், அல்ஜீரியாவில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியை முதன்முதலில் பார்த்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் பார்த்தார். அதற்குச் சில மாதம் முன்னால் அவர் விடுப்பில் ஊட்டிக்கு வந்திருந்தார். காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் மலைச்சரிவுக்கு ஆராய்ச்சிக்காக இறங்கிப் போனவருக்கு மலேரியாவே வந்துவிட்டது. கொயினா சாப்பிட்டுத் தேறினார். தம் உடம்பில் அந்தக் கிருமி எங்கே இருந்துவிட்டு வெளிவந்தது என்பது அவருக்கும் தெரியாது.

1903 வாக்கில் ஃபிரிட்ஸ் ஷவுடின் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் விஞ்ஞானி ஒரு தவறு செய்தார். கொசுவிலிருந்து வந்த கிருமி நேரடியாகச் சிவப்பணுவுக்குள் நுழைவதைத் தம் கண்ணால் பார்த்ததாக எழுதினார். பெரியவர் சொன்னதைப் பாடப்புத்தகங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டன. ஈரல் பக்கம் எவரும் திரும்பிப் பார்க்காமல் நாற்பது ஆண்டுகள் போயின.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய மருத்துவர் நீல் ஹாமில்டன் ஃபேர்லி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கெய்ர்ன்ஸ் நகரில் அவர் செய்த சோதனை எளிமையானது, துணிச்சலானது. தாமாக முன்வந்த ராணுவ வீரர்களை மலேரியாக் கொசுக்களிடம் கடிபடச் செய்தார். பிறகு வெவ்வேறு நேரங்களில் அவர்கள் ரத்தத்தை எடுத்து வேறு தன்னார்வலர்களுக்கு ஏற்றினார். கடித்த அரை மணிக்குள் எடுத்த ரத்தம் நோயைக் கொடுத்தது. அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்தால் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. மலேரியாக் கிருமியின் ஃபால்சிபாரம் வகையில் சுமார் ஆறு நாள், வைவாக்ஸ் வகையில் சுமார் எட்டு நாள் கழித்துத்தான் ரத்தம் மறுபடி நோய் தரும் ரத்தமானது. இடைப்பட்ட நாட்களில் கிருமி உடம்புக்குள் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. அப்படியானால் எங்கேயோ ஓர் உறுப்பில் இருந்தாக வேண்டும்.

அந்த உறுப்பைக் கண்டுபிடித்தவர் ஹென்றி எட்வர்டு ஷார்ட். பஞ்சாபில் பிறந்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த இவர், 1930களில் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்தவர். கோழிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமி ரத்தத்துக்கு வெளியே வளர்வதைப் பற்றி அவரும் இந்தியச் சகாக்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1940-இல் வெளியானது. லண்டன் திரும்பிய பிறகு சிரில் கார்ன்ஹாமோடு சேர்ந்து குரங்கு மலேரியாவைக் கையில் எடுத்தார். நூற்றுக்கணக்கான கொசுக்களை ஒரு குரங்கின்மேல் விட்டுக் கடிக்கவைத்து, ஒரு வாரம் கழித்து அதன் உறுப்புகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, ஈரல் செல்களுக்குள் கிருமி கூட்டமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1948-இல் இந்தச் செய்தி வெளியானது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு மனிதத் தன்னார்வலரின் ஈரலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். வைவாக்ஸ் அங்கேயும் இருந்தது.

ஈரலுக்குள் நடப்பது என்ன? ஒரு கிருமி ஒரே ஓர் ஈரல் செல்லுக்குள் குடியேறுகிறது. போகிற வழியில் இரண்டு மூன்று செல்களைத் துளைத்துக் கடந்துவிட்டு, பிடித்த ஒன்றில் தங்கிக்கொள்வதும் உண்டு. செல்லை உடனே கொல்வதில்லை. அதன் சத்தை உறிஞ்சி, உள்ளேயே பெருகுகிறது. வைவாக்ஸ் என்றால் சுமார் எட்டு நாளில் ஒன்றிலிருந்து பத்தாயிரம் வரை. ஃபால்சிபாரம் ஆறேழு நாளில் முப்பதாயிரத்தைத் தாண்டும். நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்ளாமல் இருக்க, குஞ்சுக் கிருமிகள் ஈரல் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு சிறு பொட்டலங்களாக வெளியேறுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போன பிறகே அந்தப் பொட்டலங்கள் பிரிகின்றன.

அங்கிருந்து தொடங்குவது சிவப்பணுக்களின் கட்டம். கிருமி அணுவுக்குள் நுழைந்து ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, வைவாக்ஸிலும் ஃபால்சிபாரத்திலும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுவை வெடித்து வெளியேறுகிறது. ஓர் அணுவில் புகுந்த ஒன்று, பத்து இருபதாக வெளியே வருகிறது. லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போதுதான் பல் கிட்டிப்போகும் அந்த நடுக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் என்று நம் பாட்டிமார் கணக்கு வைத்திருந்தது இந்த 48 மணி நேரத்தைத்தான்.

இப்போது ரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து ஆய்வகத்தில் மோதிர விரலைப் பஞ்சால் துடைத்து, குத்தி, ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தடிமனாக வட்டமாகவும் இன்னொரு சொட்டை மெல்லிய நாக்கு வடிவிலும் இழுக்கிறார்கள். நன்றாகக் காயவிட்டு, ஜே.எஸ்.பி. சாயத்தில் முக்குகிறார்கள். ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் 1940களில் இந்தியாவிலேயே உருவாக்கிய சாயம் அது. வெளிநாட்டுச் சாயத்துக்குக் காத்திராமல் நாடெங்கும் கோடிக்கணக்கான தகடுகளைப் பார்க்க முடிந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. எண்ணெய் ஒரு சொட்டு விட்டு லென்ஸை இறக்கினால், நீல வளையமும் அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும். இளம் கிருமி அது. வைவாக்ஸ் என்றால் அது புகுந்த சிவப்பணு ஊதிப் பெருத்திருக்கும். பிறை வடிவில் எதுவும் தென்பட்டால் ஃபால்சிபாரம். நூறு பார்வைப் புலங்களையாவது நகர்த்திப் பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுத வேண்டும் என்பது விதி. நல்ல டெக்னீஷியன் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐம்பது கிருமி இருந்தால் பிடித்துவிடுவார். ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள உடம்பில் அதற்குள் 25 கோடிக் கிருமிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

ரத்தத்தில் ஓடுபவை அவை. உறுப்புகளில் ஒதுங்கியவை வேறு.

ஃபால்சிபாரம் ஏன் ஆளைக் கொல்கிறது என்பதற்கு விடை இந்த ஒதுங்கலில் இருக்கிறது. முதிர்ந்த கிருமி இருக்கும் சிவப்பணு ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலுக்குப் போனால் வடிகட்டப்பட்டு அழிந்துவிடும் என்பதால் போகாமல் தவிர்க்கும் உத்தி அது. மூளையின் நுண்குழாய்களில் ஒட்டினால் நோயாளி நினைவிழக்கிறார். கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் ஒட்டினால் தாய்க்குச் சோகை, பிள்ளைக்கு எடைக்குறைவு. கொசுவுக்குப் போக வேண்டிய பாலின வடிவங்கள் எலும்பு மஜ்ஜையில் பதுங்கி, பத்துப் பன்னிரண்டு நாள் முதிர்ந்த பிறகே வெளி ரத்தத்துக்கு வருகின்றன.

மண்ணீரலைப் பற்றியும் நம் எண்ணம் அண்மையில் மாறியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே இந்தியாவில் மருத்துவர்கள் பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தி, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு என்று எண்ணித்தான் ஓர் ஊரின் மலேரியாவை மதிப்பிட்டார்கள். கிருமியோடு போராடி வீங்கும் உறுப்பு என்பதே நெடுநாள் விளக்கம். இந்தோனேசியாவின் பாப்புவாவில் விபத்து முதலிய காரணங்களால் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் உறுப்பை ஆராய்ந்து 2021-இல் வெளியான முடிவு வேறு கதை சொன்னது. காய்ச்சலே இல்லாதவர்களின் மண்ணீரலில் உயிருள்ள கிருமி ஏராளம். அவர்கள் உடம்பில் இருந்த மொத்த வைவாக்ஸில் 98 சதவீதத்துக்கும் மேல் அங்கேதான் இருந்தது. விரல் நுனியில் எடுத்த ரத்தம் காட்டியது மிச்சத்தை.

கொயினா சாப்பிட்டும் திரும்பி வந்த காய்ச்சலுக்கான விடை 1980களின் தொடக்கத்தில் கிடைத்தது. ஈரலுக்குள் போகும் வைவாக்ஸ் கிருமிகள் எல்லாமே உடனே பெருகுவதில்லை. சில, ஒரே உட்கருவோடு சுருண்டு, நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் வோய்ச்செக் குரோடோஸ்கியும் கார்ன்ஹாமும் கூட்டாளிகளும் அவற்றைச் சாயமேற்றிக் காட்டினார்கள். உறங்கும் உயிர் என்ற பொருளில் ஹிப்னோசோயிட் என்று பெயர். வாரங்களோ மாதங்களோ கழித்து அது விழித்துப் பெருகும்போது புதுக் கொசு தேவையில்லை. ஃபால்சிபாரத்துக்கு இந்த உறக்கம் கிடையாது.

உறங்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுயின், அது உறங்குகிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. கொரியப் போரிலிருந்து வீடு திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு வைவாக்ஸ் திரும்பத் திரும்ப வந்தபோது 1950களின் தொடக்கத்தில் பெரிய அளவில் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. இந்தியாவில் இன்றும் வைவாக்ஸுக்கான முறை இதுதான்: குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினான்கு நாள். முதலாவது ரத்தத்துக்கு, இரண்டாவது ஈரலுக்கு.

சிக்கல் இங்கேதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது. நான்காம் நாள் கைகால் தெம்பாகிவிடுகிறது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போச்சு என்ற குடும்பத்தில், நோயே இல்லாதபோது இன்னும் பத்து நாள் எதற்கு மாத்திரை என்று கேட்பது அறியாமை இல்லை. உடம்பு சொல்வதை நம்புகிறார்கள். ஈரலில் கிருமி இருந்தால் வலிக்காது, வீங்காது, எந்த அறிகுறியும் காட்டாது என்பதை யாராவது உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையைக் கையில் திணித்து அனுப்பினால் போதாது.

பிரைமாகுயின் எல்லோருக்கும் கொடுக்கக்கூடியதும் இல்லை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் கொடுப்பதே இல்லை. மலையில் வேலை செய்யும் ஒரு கர்ப்பிணிக்கு வைவாக்ஸ் வந்தால், ரத்தத்தில் உள்ளதை மட்டும் தீர்த்துவிட்டு, ஈரலில் உள்ளதோடு அவர் பேறுகாலம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மலையின் உயரமும் இதில் கணக்கு. கொசுவுக்குள் வைவாக்ஸ் வளர ஏறத்தாழ 16 டிகிரிக்கு மேலாவது வெப்பம் வேண்டும், ஃபால்சிபாரத்துக்கு 18. போடிமெட்டின் குளிர் கிருமியைத் தாமதப்படுத்தும். அடிவாரம் அப்படி இல்லை. கொட்டகுடி ஆறும் குரங்கணிப் பக்கத்து ஓடைகளும் போன்ற, புல் படர்ந்த மெதுவான நீரோரங்கள் அனாபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் விரும்பும் இடம். ஊருக்குள் கிணறும் மூடாத மேல்நிலைத் தொட்டியும் இன்னொரு இனமான ஸ்டெஃபன்சிக்கு. இவை கடிப்பது அந்தி முதல் விடியல்வரை. ஆகவே பகலில் ஏறி மாலையில் இறங்குபவரை விட, தோட்டத்து லயத்திலும் தகரக் கொட்டகையிலும் இரவு தங்குபவருக்கே ஆபத்து அதிகம்.

அப்படித் தங்குபவர்களில் இன்று கணிசமானோர் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஏலத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை அவர்களால்தான் தீர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மலேரியா ஆண்டுக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. கேரளத்திலும் கண்டுபிடிக்கப்படுவதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதே. இதைச் சொல்லி, வெளியிலிருந்து வந்தவர்கள்மேல் பழிபோடுவது அநியாயம். அவர்கள் ஊரில் கிடைக்காத சிகிச்சை இங்கே கிடைக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு. மொழி தெரியாத ஊரில், முதலாளியின் ஜீப்பை நம்பி, காய்ச்சலோடு லயத்தில் சுருண்டு கிடப்பவரை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாவிட்டால், அவர் ரத்தத்தை உள்ளூர்க் கொசு எடுத்துக்கொள்ளும்.

குறைந்துவிட்டது என்று கையைக் கழுவிய இடங்களில் நடந்தது தெரியும். இந்தியாவில் விடுதலையின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிடப்பட்டது. டிடிடி தெளித்து 1965-இல் ஒரு லட்சம் நோயாளிகள் என்ற அளவுக்கு இறக்கினார்கள். 1976-இல் அது 64 லட்சம். இலங்கையில் 1963-இல் தீவு முழுவதற்கும் 17 பேர் மட்டுமே. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968-69இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். மறுபடி தொடங்கி, விடாமல் உழைத்து, 2016-இல்தான் அந்த நாடு மலேரியா அற்றதாக உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. இந்தியா 2027-க்குள் உள்ளூரில் தொற்றும் மலேரியாவைப் பூச்சியமாக்கவும், 2030-க்குள் முற்றிலும் ஒழிக்கவும் இலக்கு வைத்திருக்கிறது.

அந்த இலக்குக்குக் குறுக்கே நிற்பது ஈரல். உறங்கும் கிருமி ஒருவர் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் சோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. போடியில் மாத்திரை வாங்கிய ஒருவர் ஐந்தாம் நாள் மெட்டைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு சுகாதாரத் துறை, வேறு பதிவேடு. மீதி ஒன்பது நாள் அவர் மாத்திரை விழுங்கினாரா என்று பார்க்கக்கூடியவர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையும் கங்காணியும்தான். கூலிக்கு நாள்தோறும் பெயர் எழுதும் அதே நோட்டில் மாத்திரைக்கும் ஒரு கோடு போட்டால் போதும். அதற்குச் செலவு கிடையாது.

வைவாக்ஸ் வந்து தேறியவருக்கு ஓராண்டுக்குள் மறுபடி காய்ச்சல் கண்டால், சமீபத்தில் கொசு கடித்ததா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே ரத்தம் கொடுக்க வேண்டும். டாக்டரிடம் மூன்று விவரம் சொல்ல வேண்டும்: போன முறை எந்த மாதம் வந்தது, எந்த ஊரில் இருந்தபோது வந்தது, பதினான்கு நாளில் எத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டார். பாதியில் நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லலாம். ஜி6பிடி பார்த்துவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவார்கள்.